லிப்டுக்காரர் திறந்துவைத்த இணையதளம்

அன்பும் மரியாதையும் கொண்ட மச்சானுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் எல்லாம் வலது பக்கம் போகப் போக மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த பக்கத்தில் அவை கீழே இறங்கும். முப்பத்து நான்கு வருடம் லிப்டுக்குள் நின்றவன் கை அல்லவா, ஏறவும் இறங்கவும் தெரியுமே தவிர நேராகப் போக அதற்குத் தெரியவில்லை. கோடு போட்ட தாள் வாங்கியும் பயனில்லை. கோடு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். பேனாவை அழுத்திப் பிடிப்பதால் தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தே நீங்கள் படித்துவிடலாம். இதை நான் தொடங்கிய அன்று எதிர்வீட்டில் வெள்ளையடிக்கச் சாரம் கட்டினார்கள். அவர்கள் அடித்து முடித்து, சாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் இன்னும் முதல் பக்கத்திலேயே இருக்கிறேன்.

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தங்கைக்கு வழக்கம்போல முழங்கால் வலி, எனக்குப் புதிதாக விரல் வலி. என் வாழ்க்கையின் முதல் கடிதத்தை யாருக்கு எழுதப்போகிறேன் என்று அவள் கேட்டாள். உங்களுக்குத்தான் என்றேன். “எங்க அண்ணனுக்கா? எழுதுங்க. ஆனா வம்புக்கு எழுதாதீங்க” என்றாள். வம்பு ஒன்றும் இல்லை மச்சான். இது வெற்றிச் செய்தி.

பதிவு அலுவலகத்தில் லிப்டுக்காரனாக நான் வேலைக்குச் சேர்ந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் கட்டைவிரலைப் பிடித்து நீங்கள்தான் அழுத்தினீர்கள். “தளர்வா விடுங்க மாப்பிள்ளை, விரல்தான் வேணும், தோள் வேணாம்” என்றீர்கள். அதற்குக் கீழே ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே ‘உதவியாளர்’ என்று உங்கள் பெயர். உதவியாளர் அரசுப் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி, நம் குடும்பத்தில் குமாஸ்தா நீங்கள் ஒருவர்தான். அன்று முதல் நாற்பத்தைந்து வருடம் அந்த வரி என்னை விட்டுப் போகவில்லை. வீடு மாறினால் நீங்கள் வர வேண்டும், அட்டையைப் புதுப்பிக்க நீங்கள் வர வேண்டும், மகளின் கல்யாணத்தைப் பதிய நீங்கள் வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் மூடியைத் திறக்கும் முன் ஒரு பெருமூச்சு விட வேண்டும். அந்தப் பெருமூச்சைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. மற்ற மச்சான்கள் வீட்டுக்கு வரும்போது பழம் வாங்கி வருவார்கள், நீங்கள் ஸ்டாம்ப் பேடு கொண்டு வந்தீர்கள். அவ்வளவுதான்.

எழுபதாவது வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். எண்கள் எனக்குப் பழைய சிநேகிதர்கள், பூஜ்யம் முதல் ஏழு வரை தினமும் விரலால் தொட்டவன். எழுத்துகளோடு பழகத்தான் ஒன்பது மாதம் ஆயிற்று. “இருபது வருஷமா நான் சொல்லித் தரேன்னு சொன்னேன், அப்போ நேரமில்லைன்னீங்க” என்று உங்கள் தங்கை இடையிடையே குத்திக்கொண்டே இருந்தாள். படிக்க வந்ததும் எனக்கு ஒரே ஆசைதான். அந்த வரியை அழித்துவிட வேண்டும். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அதற்கும் ஒரு படிவம் உண்டாம், பதினேழாம் எண். வாங்கி அங்கேயே நின்று அரை மணி நேரம் படித்தேன். அடியில் இப்படி இருந்தது: ‘விண்ணப்பதாரர் தம் கைரேகையை உதவியாளர் முன்னிலையில் பதிக்க வேண்டும்.’ எனக்கு எழுதத் தெரியும் என்பதை நான் கைநாட்டு வைத்துச் சொல்ல வேண்டும், ஆமாம் தெரியும் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். படிவத்தைக் கொடுத்த ஊழியரிடம் இதைச் சொன்னேன். “படிச்சுட்டீங்களா? இதுவரைக்கும் யாரும் அதைப் படிச்சதில்லையே” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வகுப்புக்கு ஒரு பெண் வந்தாள். அந்த அலுவலகத்தின் இணையதளத்தைப் புதிதாக வடிவமைக்கிறவள். கையில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன ஒட்டுத் தாள்கள் ஒரு கட்டு. யார் என்ன சொன்னாலும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் இருக்கும் சுவரில் ஒட்டிவிடுவாள். தளத்தைப் பரிசோதிக்க மெதுவாகப் படிப்பவர்கள் வேண்டும் என்றாள். ஏன் மெதுவாக என்று கேட்டேன். “வேகமாப் படிக்கிறவங்க தப்பைத் தாண்டிப் போயிடுறாங்க ஐயா. மெதுவாப் படிக்கிறவங்கதான் அதுல போய் இடிச்சுக்குவாங்க” என்றாள். இடித்துக்கொள்வதில் எனக்கு நிகரானவர் அந்த வகுப்பில் இல்லை. கையைத் தூக்கினேன்.

பரிசோதனை நடந்தது நான் வேலை பார்த்த அதே கட்டடத்தில், ஐந்தாம் மாடியில். லிப்டில் இப்போது ஆள் கிடையாது. ஒரு குரல் மட்டும் ‘ஐந்தாம் தளம்’ என்கிறது. வணக்கம் சொன்னேன், பதில் இல்லை. என்னைக் கணினி முன் உட்கார வைத்து, மனதில் தோன்றுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றாள். இதைச் சொல்லும் ஆள் ஒருவர் வருவார் என்று உங்கள் தங்கை கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். “உங்க பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேணும். அதை இதுல எடுங்க” என்றாள். எனக்குப் பேரன் இல்லை, பேத்திதான், அவளுக்குச் சான்றிதழும் இருக்கிறது என்றேன். “இருக்கிற மாதிரி நினைச்சுக்குங்க ஐயா” என்றாள். பேரன் இருப்பது மாதிரியா, சான்றிதழ் இல்லாதது மாதிரியா என்று கேட்டேன். அதையும் ஒரு மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினாள்.

பழைய தளத்தைத் திறந்ததும் ஒருவர் கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டுகிற படம். பார்த்த முகமாக இருந்தது. அவர்தான் இயக்குநர். ஒரு காலத்தில் நான்காம் மாடியில் குமாஸ்தாவாக இருந்தவர். லிப்டுக்குள் நான் நிற்கும்போதே தானே பொத்தானை அழுத்துகிற ஆள் ஒருவரைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேனே, அவரேதான். படத்துக்குக் கீழே ஒரு வாக்கியம். ‘அர’ என்று எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் படம் நகர்ந்து போய்விட்டது. வேறு படம் வந்தது, அதிலும் அவர்தான், மரம் நடுகிறார். அதிலும் இரண்டு எழுத்து படிப்பதற்குள் அடுத்த படம். நான் விடவில்லை. ரிப்பன் படம் மறுபடி சுற்றி வரும்வரை காத்திருந்து அடுத்த இரண்டு எழுத்தைப் பிடித்தேன், பிறகு அதற்கடுத்த இரண்டு. பதினோராவது சுற்றில் முழு வாக்கியமும் கைக்கு வந்துவிட்டது: ‘அரசுச் சேவைகள் இனி உங்கள் விரல் நுனியில்.’ அந்த நேரத்தில் திரை வெளுத்தது. நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் ஒட்டுவதற்குச் சுவரில் இடம் இல்லாமல் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு வலது பக்கத்துப் பட்டியலைப் படித்தேன். குடிமைப் பதிவுப் பிரிவு, ஆவணப் பராமரிப்புப் பிரிவு, சுற்றறிக்கைகள், ஏலங்கள். படித்துவிட்டு, அம்மா, இது யாருக்கு எழுதியது என்று கேட்டேன். ஏன் என்றாள். மச்சான், எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடத்தில் ஒருவர்கூட என் லிப்டில் ஏறி, குடிமைப் பதிவுப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சொன்னதில்லை. ‘குழந்தை பிறந்திருக்கு, எங்க போகணும்?’ என்பார்கள், நான்காம் மாடி. ‘வீடு மாறிட்டோம்’ என்பார்கள், மூன்று. ‘பேரைத் தப்பா எழுதிட்டாங்க’ என்று கோபமாக வருகிறவர்கள் ஆறு. புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தால் கேட்கவே வேண்டாம், கல்யாணப் பதிவு, ஏழு. ஒன்றுமே பேசாமல் கையில் ஒரு துண்டுத் தாளை இரண்டாக மடித்து, நான்காக மடித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன். இரண்டாம் மாடியை அழுத்திவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இறப்புப் பதிவு அங்கேதான். இதை எல்லாம் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “ஐயா, இந்தத் தளம் பாதி உங்க தலையிலயே இருக்கு” என்றாள். மீதிப் பாதியும் இருந்தது, அவள் கேட்கவில்லை.

அன்று அவளிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். புதுத் தளத்தில் கைநாட்டை மாற்றிக் கையெழுத்தாக்கும் வசதியும் இருக்க வேண்டும், அதற்குக் கைநாட்டுக் கேட்கக் கூடாது. “போட்டுடலாம் ஐயா. ஆனா முதல்ல இது பாஸ் ஆகணும். இயக்குநர் ஒத்துக்கலைன்னா பழையதுக்கே புது வர்ணம் அடிச்சு விட்டுடுவாங்க” என்றாள். அந்தப் பழைய தளம் நிலைத்தால் பதினேழாம் எண் படிவமும் நிலைக்கும், அந்த வரியோடுதான் நான் போய்ச் சேர வேண்டும்.

கூட்டம் ஏழாம் மாடியில். நீளமான மேசை, சுற்றிலும் ஏழு பிரிவுகளின் தலைவர்கள், தலைப்பக்கத்தில் இயக்குநர். என்னைப் பார்த்ததும், “என்ன லிப்ட், நீங்க எங்க இங்க?” என்றார். அந்தக் கட்டடத்தில் எனக்கு அதுதான் பெயர். பரிசோதகர் என்றேன். புதுத் தளத்தில் தங்கள் பிரிவின் பெயர் முதல் பக்கத்தில் இல்லை என்று ஏழு பேரும் ஒரே குரலில் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்த ஏழு பேரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “எங்க பிரிவு பேரே இல்லாம எங்களை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்றார் ஆறாம் மாடிக்காரர். நான் வாயைத் திறந்தேன். ஐயா, லிப்டில் எண் இருந்ததே தவிர உங்கள் பெயர் இருந்ததில்லை, ஆனாலும் நாள் முழுக்க உங்கள் அறை வாசலில் வரிசை நின்றதே என்றேன்.

அப்போது அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். பழைய தளத்தை இயக்குநர் முன் வைத்து, “சார், நீங்க வீடு மாறிட்டீங்க. முகவரியை மாத்துங்க பார்ப்போம்” என்றாள். என் முன் புதுத் தளம். சுவர்க்கடிகாரத்தை எல்லோரும் பார்த்தார்கள். இயக்குநர் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். தன் தளத்தில் தானே ரிப்பன் வெட்டுவதைத் தாண்டி ஆவணப் பராமரிப்புக்குள் போனார், அங்கிருந்து ‘இப்பக்கம் கட்டுமானத்தில் உள்ளது’ என்ற இடத்துக்குப் போனார், திரும்பி வந்து வேறு வழியாக நுழைந்து பழைய நாற்காலிகள் ஏலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நான் அவர் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. என் திரையில் படம் எதுவும் ஓடவில்லை. மேலே ஒரே ஒரு கேள்வி பெரிய எழுத்தில் இருந்தது: ‘என்ன விஷயமாக வந்தீர்கள்?’ லிப்டில் நான் கேட்கிற அதே கேள்வி. கீழே வரிசையாக, குழந்தை பிறந்திருக்கிறது, கல்யாணம் ஆகியிருக்கிறது, வீடு மாறிவிட்டோம், பெயரில் தவறு இருக்கிறது, ஒருவர் இறந்துவிட்டார், வேறு விஷயம். ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டு, விரலை வைத்துப் படித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை, திரையும் அவசரப்படுத்தவில்லை. ஒன்பது நிமிடத்தில் என் வீடு மாறிவிட்டது. அந்த நேரத்தில் இயக்குநர் இரண்டாவது தடவையாக நாற்காலி ஏலத்தில் இருந்தார்.

“நான் கீழ கூப்பிட்டுச் சொன்னா ஒரு நிமிஷத்துல மாத்திக் குடுத்துடுவாங்க” என்றார்.

“எல்லார்கிட்டயும் உங்க நம்பர் இருக்காதே சார்” என்றாள் அந்தப் பெண்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘ஒருவர் இறந்துவிட்டார்’ என்பதை அழுத்திக் காட்டச் சொன்னார். அந்தப் பக்கத்தில் படம் கிடையாது, நிறம் கிடையாது, இரண்டே கேள்விகள், அதற்குக் கீழே ‘மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரு வரி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். “போன வருஷம் அம்மா தவறினப்போ இங்க வேலை பார்க்கிற எனக்கே அதைப் பதிய நாலு நாள் ஆச்சு” என்றார். பிறகு, “சரி, இதையே போடுங்க” என்றார். எழுந்து கதவுவரை போனவர் திரும்பி, “அந்த ரிப்பன் படம் எங்க போகும்?” என்று கேட்டார். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்துக்குப் போகும் என்றாள் அந்தப் பெண். அங்கே யார் போவார்கள் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அவள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

ஒரு திங்கட்கிழமை புதுத் தளம் திறந்தது. தரைத்தளத்துக் கூடத்தில் பொதுமக்களுக்கென்று கணினி போட்டிருக்கிறார்கள். நானும் உங்கள் தங்கையும் போனோம். என் பக்கம் பார்க்கக் கூடாது, கேட்டாலும் சொல்லக் கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் ‘வேறு விஷயம்’ என்பதை அழுத்தினேன். உள்ளே, நான் சொன்னபடியே இருந்தது: ‘எனக்கு இப்போது எழுதப் படிக்கத் தெரியும்.’ மச்சான், அந்த வரியைப் பார்த்ததும் எழுத்துகள் கொஞ்சம் கலங்கிவிட்டன, திரையில் கோளாறு ஒன்றுமில்லை. ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூன்று பேர் முடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு சின்னப் பலகையில் மையில்லாத பேனாவால் கையெழுத்துப் போடச் சொன்னது. போட்டேன். பொத்தானை அழுத்தினேன். பக்கத்து இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. முதல் வரியைப் படித்தேன்: ‘உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது.’

“முடிஞ்சுதா?” என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

“முடிஞ்சுது.”

“யாரும் உதவலையே?”

“ஒருத்தரும் உதவல.”

திரும்பி என்னைப் பார்த்தாள். தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “அப்போ வாங்க, இன்னைக்கு டீ நான் வாங்கித் தரேன்” என்றாள். தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முழங்கால் வலிக்குத்தான் என்றாள். அந்தத் தாளை அன்றே படச் சட்டத்தில் போட்டு வாசல் அறையில் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை, அதனால் முதல் வரியை நானே படித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே மச்சான், நாற்பத்தைந்து வருட உதவியாளர் பதவியிலிருந்து உங்களுக்கு இன்றோடு முழு விடுதலை. இனி என் காரியத்துக்காக நீங்கள் பஸ் ஏற வேண்டாம், பேனா திறக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நீங்கள் வராமல் இருந்ததில்லை. மகள் கல்யாணத்தைப் பதிந்த அன்று உங்களுக்குக் காய்ச்சல், சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். அதைச் சொல்ல இதுவரை எனக்கு வாய் வரவில்லை. இப்போது கை வந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் மூத்தவர்களுக்கு என் வணக்கம். இளையவர்கள் எந்த வாசலுக்குப் போனாலும் நிற்கவைக்காமல் உள்ளே விடும்படி வாழட்டும்.

இப்படிக்கு,
தானே எழுதி, தானே கையெழுத்திட்ட,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் சின்னச் சந்தேகம் வந்து, படச் சட்டத்தைக் கழற்றிவைத்துப் படித்தேன். முதல் வரியின் சந்தோஷத்தில் அதற்குக் கீழே நான் போகவே இல்லை. இரண்டாவது வரி இப்படி இருக்கிறது: ‘இதை உறுதிசெய்ய, உங்கள் உதவியாளரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பப்பட்டுள்ளது. பத்து நிமிடங்களுக்குள் அதைத் தளத்தில் பதியவும்.’ அந்த எண் உங்களுக்கு வந்து பதின்மூன்று நாள் ஆகிறது. நீங்கள் அழித்திருக்க மாட்டீர்கள் என்று உங்கள் தங்கை சொல்கிறாள், “எங்க அண்ணன் கல்யாணப் பத்திரிகையவே நாப்பது வருஷமா தூக்கிப் போடாதவர்” என்கிறாள். அந்த ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்புங்கள். பத்து நிமிடம் தாண்டிவிட்டது என்று கவலைப்பட வேண்டாம், மெதுவாகப் படிப்பவர்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்திலேயே பேசி முடிவு செய்திருக்கிறோம். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், சிரமம் பார்க்காமல் கைபேசியோடு புறப்பட்டு வாருங்கள். மேலே சொன்ன விடுதலையை அதுவரை நிறுத்திவைத்திருக்கிறேன். தாளில் மூன்றாவது வரி ஒன்றும் இருக்கிறது, மற்ற இரண்டையும்விட நீளம். அதைப் படித்து முடித்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.